ஊர் பார்த்து, ஆள் பார்த்து: தரமான சிவப்பு ஒயின் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிவப்பு ஒயின் வாங்கப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். முதலில் விலைச்சீட்டைப் பார்க்கிறார்கள். அடுத்து கேபர்னே, மெர்லோ என்று எங்கோ கேள்விப்பட்ட திராட்சைப் பெயரைத் தேடுகிறார்கள். பிறகு லேபிளின் அழகு, பதக்கப் படம், பாட்டிலின் கனம். எந்த ஊரில் விளைந்தது, யார் தயாரித்தது என்ற இரண்டையும் கடைசிவரை பார்ப்பதே இல்லை. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை அதிகம் சொல்பவை அந்த இரண்டும்தான்.

ஆகவே இங்கே வரிசைதான் முக்கியம்: உங்கள் ருசி, விளைந்த இடத்தின் வெயிலும் குளிரும், ஊர், லேபிளில் சட்டத்துக்கு உட்பட்ட சொற்கள், தயாரிப்பாளர், அறுவடை ஆண்டு, அதன் பிறகு விலை. நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் அதற்கடுத்து எடுக்கும் முடிவெல்லாம் வெறும் ஊகமாகிவிடும்.

## 1. கடைக்குக் கிளம்பும் முன் முடிவு செய்ய வேண்டியவை

எப்போது திறக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இன்றிரவு என்றால் இளமையிலேயே குடிக்க ஏற்ற ஒயின் வேண்டும். இத்தாலியின் பரோலோ ஒயின் நான்கு வயதில் இருந்தால், கொடுத்த காசு வீணாகாமல் அதைக் குடிக்க முடியாது. அதன் துவர்ப்பு தணியப் பல ஆண்டுகள் ஆகும். உலகில் விற்கும் சிவப்பு ஒயினில் மிகப் பெரும்பகுதி வாங்கிய சில ஆண்டுகளுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியதுதான். "பழசானால் ருசி கூடும்" என்பது குறைந்த பாட்டில்களுக்கே பொருந்தும்.

கூட என்ன சாப்பாடு என்பது இரண்டாவது. கொழுப்புள்ள இறைச்சி துவர்ப்பை மட்டுப்படுத்தும். நெருப்பில் வாட்டிய ஆட்டிறைச்சியோடு கேபர்னே இதமாக இருப்பது அதனால்தான். மிளகாய்க் காரமோ துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் சேர்த்தே ஏற்றிவிடும். மட்டன் சுக்காவுக்கும் செட்டிநாட்டுக் கோழிக்கும் ஓக் பீப்பாயில் ஊறிய, 15 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினை வைத்தால் இரண்டும் கெடும். துவர்ப்பு குறைந்த, சற்றுக் குளிர வைத்த பிரெஞ்சு ஒயினான போஜொலே பொருந்தும்.

மூன்றாவது, இனிப்பு பற்றிய எதிர்பார்ப்பு. நம்மில் பலருக்கு முதல் ஒயின் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் போட்ட இனிப்பு ஒயினாகவோ கோவாவிலிருந்து வந்த 'போர்ட்' ஆகவோ இருந்திருக்கும். இந்த வழிகாட்டியில் வருபவை எல்லாம் ட்ரை ஒயின்கள். அதாவது, திராட்சையின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாறியவை. இனிப்பை எதிர்பார்த்து வாய் வைப்பவர் நல்ல ஒயினையும் "கசக்குது" என்று தள்ளிவிடுவார். முதல் சில பாட்டில்களைச் சாப்பாட்டோடு மட்டும் குடியுங்கள். நாக்கு சீக்கிரம் பழகிவிடும்.

செலவின் உச்சவரம்பையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். கடைக்குள் நின்று முடிவு செய்தால் விலையே தரத்தின் அளவுகோலாகிவிடும்.

## 2. உங்கள் நாக்குக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடியுங்கள்

மூன்றே குணங்களைக் கவனித்தால் போதும். துவர்ப்பு: திராட்சைத் தோல், விதை, ஓக் பீப்பாய் ஆகியவற்றிலிருந்து வரும் டானின். பால் சேர்க்காத கடுந்தேநீர் குடித்ததும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்குமே, அதுதான். புளிப்பு: விழுங்கியபின் வாயின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறினால் அமிலம் அதிகம். கனம்: வாயில் தண்ணீர்போல ஓடுகிறதா, நாக்கில் தங்கி நிற்கிறதா என்பது. ஆல்கஹாலும் பழத்தின் முதிர்ச்சியும் கூடினால் கனமும் கூடும்.

இதற்கு மூன்று பாட்டில்களை ஒரே மாலையில் அருகருகே வைத்துக் குடித்துப் பாருங்கள். நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் செலவும் பங்காகும். பிரான்சின் போஜொலே ஒன்று (துவர்ப்பு குறைவு, புளிப்பு உண்டு, லேசானது). இத்தாலியின் கியாந்தி கிளாசிகோ ஒன்று (புளிப்பு தூக்கல், துவர்ப்பு நடுத்தரம்). அர்ஜென்டினாவின் மெந்தோசா மால்பெக் அல்லது ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ் ஒன்று (கனம், பழுத்த பழம்). தனித்தனி நாளில் குடித்தால் வித்தியாசம் பிடிபடாது. அருகருகே வைத்தால் எது உங்களுடையது என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எது பிடித்ததோ அதன் லேபிளை முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, புதியவர்கள் மறக்காமல் செய்ய வேண்டிய ஒரே வீட்டுப்பாடம் இது. "போன வாரம் ஒன்று குடித்தேன், சிவப்பு லேபிள்" என்று சொன்னால் எந்தக் கடைக்காரராலும் உதவ முடியாது.

## 3. வெயில் ஊரா, குளிர் ஊரா?

ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்யும் முன் இந்த ஒரு பிரிவைப் புரிந்துகொள்ளுங்கள். வெயில் மிகுந்த இடத்தில் திராட்சையில் சர்க்கரை ஏறும், அமிலம் குறையும். அதிலிருந்து வரும் ஒயினில் ஆல்கஹாலும் கனமும் அதிகம், பழவாசனை ஜாம்போல முதிர்ந்திருக்கும். குளிர்ந்த இடத்தில் அமிலம் தங்கும், ஆல்கஹால் குறையும், வாசனை செர்ரி, மண், இலை என்று மென்மையாகும்.

லேபிளின் மூலையில் இருக்கும் ஆல்கஹால் சதவீதம் இதற்கு நல்ல தடயம். 12.5, 13 என்றால் பெரும்பாலும் குளிர்ந்த இடம் அல்லது குளிர்ந்த ஆண்டு. 14.5, 15 என்றால் வெயில். இது தரத்தின் அளவு இல்லை, பாணியின் அளவு. உயரமும் வெயிலைச் சமன்செய்யும். மெந்தோசாவின் ஊக்கோ பள்ளத்தாக்கில் தோட்டங்கள் 900 மீட்டருக்கு மேல், சில 1,500 மீட்டர் வரைகூட இருக்கின்றன. பகலில் சுட்டெரித்தாலும் இரவில் குளிர்வதால் புளிப்பு தப்பிப் பிழைக்கிறது.

## 4. ஊர் ஊராகப் போவோம்

போர்தோ (பிரான்ஸ்). புதியவர் அதிகம் ஏமாறும் ஊர் இதுதான். காரணம், லேபிளில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆற்றின் எந்தக் கரை என்று தெரிந்தால் திராட்சை தெரிந்துவிடும். இடக்கரையில் (மெதோக், போயாக், மார்கோ, கிராவ்) சரளைக்கல் நிலம். தண்ணீர் வடிந்து சீக்கிரம் சூடேறும். தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சோவிஞ்ஞோனுக்கு அந்தச் சூடு தேவை. ஆகவே இடக்கரை ஒயின் துவர்ப்பாக, இறுக்கமாக இருக்கும். வலக்கரையில் (சேன்ட் எமிலியோன், பொமரோல்) களிமண்ணும் சுண்ணாம்பும். நிலம் குளிர்ந்தது, சீக்கிரம் பழுக்கும் மெர்லோ அங்கே ராஜா. ஒயின் மிருதுவாக இருக்கும்.

போர்தோ பண்ணைகளை வரிசைப்படுத்திய 1855 தரவரிசையில் இருக்கும் பெரிய பெயர்களைத் தேடிப் போகாதீர்கள். அந்தப் பட்டியலில் நடந்த குறிப்பிடத்தக்க மாற்றம் 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் பண்ணை முதல் வரிசைக்கு ஏறியது மட்டுமே. அது இன்றைய பாட்டிலைப் பற்றிச் சொல்வதைவிட அதன் விலையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. பட்ஜெட்டுக்குள் தரம் வேண்டும் என்றால் மெதோக் பகுதியின் 'குரு பூர்ஷுவா' என்ற தரத்தைத் தேடுங்கள் ('குரு' என்பது தரம் தந்து அடையாளப்படுத்திய தோட்டம், பண்ணை அல்லது ஊரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்). அது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலிக்கப்படுவதால் தயாரிப்பாளர் தூங்க முடியாது. வலக்கரையில் பொமரோலின் பக்கத்து ஊரான லலாந்த் தெ பொமரோல், ஃபிரான்சாக், காஸ்தியோன் ஆகிய ஊர்கள் நல்ல பேரம். புகழ்பெற்ற ஊரின் எல்லைக்கு அடுத்த ஊரில் வாங்குவது எந்த நாட்டிலும் பலன் தரும் பழக்கம்.

பர்கண்டியும் போஜொலேயும் (பிரான்ஸ்). பர்கண்டியின் சிவப்பு என்றால் பினோ நுவார் திராட்சை. படிகள் நான்கு: வட்டாரப் பெயர் மட்டும் உள்ள 'பூர்கோஞ்', ஊர்ப்பெயர், பிரமியே குரு, உச்சியில் 33 கிராண்ட் குரு. ஆனால் இங்கே ஒரே தோட்டம் பல கைகளில் துண்டுபட்டுக் கிடக்கிறது. க்ளோ தெ வூஜோ என்ற கிராண்ட் குரு ஏறத்தாழ 50 ஹெக்டேர். அதன் உரிமையாளர்கள் சுமார் 80 பேர். லேபிளில் எல்லோரும் அதே தோட்டப் பெயரையே போடுகிறார்கள். பாட்டிலின் தரத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே பர்கண்டியில் தயாரிப்பாளர் பெயர் தெரியாமல் பெரிய விலை கொடுக்கவே கூடாது. சிறிய பட்ஜெட் என்றால் மெர்க்கூரே, ஜிவ்ரி போன்ற தெற்கத்தி ஊர்களைப் பாருங்கள்.

அதைவிடவும் சிறந்த யோசனை, இன்னும் தெற்கே போஜொலேக்குப் போவது. நவம்பரில் வரும் 'நூவோ' என்ற புத்தம்புது ஒயினைக் குடித்துவிட்டு அந்த ஊரையே ஒதுக்கியவர்கள் பலர். அங்கே பத்து 'குரு' ஊர்கள் உண்டு. மொர்கோனும் மூலேன் ஆ வானும் காமே திராட்சையிலிருந்து ஆழமான, சில ஆண்டுகள் தாங்கக்கூடிய ஒயின் தருகின்றன. ஃப்ளூரி மென்மையானது. லேபிளில் ஊர்ப்பெயர் பெரிதாகவும் 'போஜொலே' என்பது சிறிதாகவும், சில சமயம் இல்லாமலும் இருக்கும். அதனாலேயே பலர் கடந்து போய்விடுகிறார்கள். நமது சாப்பாட்டோடு இவ்வளவு நன்றாக ஒத்துப்போகும் சிவப்பு ஒயின் வேறு அதிகம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ரோன் (பிரான்ஸ்). வடக்கில் சிவப்புக்கு சிரா திராட்சை மட்டும்: மிளகு வாசனை, இறுக்கம். கோத் ரோத்தியும் எர்மிதாஜும் விலை அதிகம். குரோஸ் எர்மிதாஜும் சேன் ஜோசஃபும் அதே குணத்தின் எட்டக்கூடிய வடிவம். தெற்கில் கிரனாஷ் தலைமையிலான கலவை: சூடு, கனம், மூலிகை வாசனை. ஷாத்தோநூஃப் தூ பாப் வாங்கப் பணம் போதாவிட்டால் ஜிகோந்தாஸ், வக்கேராஸ். அதற்கும் கீழே 'கோத் தூ ரோன் வில்லாஜ்' என்ற படி. எந்த நாட்டுக் கடையிலும் குறைந்த விலையில் ஏமாறும் வாய்ப்பு மிகக் குறைந்த அலமாரி இதுதான்.

டஸ்கனி. 'கியாந்தி' வேறு, 'கியாந்தி கிளாசிகோ' வேறு. கிளாசிகோ என்பது ஃப்ளோரன்சுக்கும் சியனாவுக்கும் இடைப்பட்ட மூலப் பகுதி. குறைந்தது 80 சதவீதம் சாஞ்சியோவேசே திராட்சை இருக்க வேண்டும். பாட்டிலைக் கையில் எடுத்துக் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள்: வட்டத்துக்குள் ஒரு கறுப்புச் சேவல். கழுத்தில் இல்லையென்றால் பின்லேபிளில் இருக்கும். அதன் அருகில் மூடிக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே ஒட்டிய, எண் அச்சிட்ட மெல்லிய காகிதப் பட்டை. அது இத்தாலியின் மிக உயர்ந்த வகையான டிஓசிஜியின் அரசு முத்திரை. இரண்டும் இருந்தால் சரியான பாட்டில். 'ரிசர்வா' என்றால் 24 மாதம், 'கிரான் செலெசியோனே' என்றால் 30 மாதம் முதிர்ந்தது. அன்றாடச் சாப்பாட்டுக்கு அடைமொழி எதுவும் இல்லாத சாதாரணக் கிளாசிகோவே எனக்குப் பிடிக்கும். பழத்தின் புத்துணர்ச்சி அதில்தான் மிஞ்சியிருக்கிறது.

புரூனெல்லோ தி மொந்தால்சீனோ முழுக்க முழுக்க சாஞ்சியோவேசே. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரியில்தான் விற்பனைக்கே வரும். அதே ஊரின் ரோஸ்ஸோ தி மொந்தால்சீனோ அதைவிட மிகக் குறைந்த விலை, காத்திருக்கவும் வேண்டாம்.

பியமோந்தே (இத்தாலி). நெப்பியோலோ திராட்சை ஒயினைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிறம் வெளிறி இருக்கும், வாயில் வைத்தால் துவர்ப்பு பிடித்து இழுக்கும். பரோலோ 38 மாதமும் பார்பரெஸ்கோ 26 மாதமும் முதிர்ந்த பிறகே வெளிவரும், அப்போதும் இளமைதான். முதலில் 'லாங்கே நெப்பியோலோ' வாங்குங்கள். பிடித்தால் அடுத்து, புரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ. விவசாயிகள் கூட்டுறவு என்றால் தரம் குறைவு என்ற எண்ணத்தை மாற்றக்கூடிய சங்கம் அது.

ரியோஹா (ஸ்பெயின்). பொறுமை இல்லாதவர்களுக்கான ஊர். முதிர வைக்கும் வேலையைத் தயாரிப்பாளர்களே செய்துவிடுகிறார்கள், அதைப் பின்லேபிள் நிறத்திலேயே சொல்லியும் விடுகிறார்கள். சிவப்பு முத்திரை கிரியான்சா: இரண்டு ஆண்டு, அதில் ஒன்று ஓக் பீப்பாயில். அடர்சிவப்பு முத்திரை ரெசர்வா: மூன்று ஆண்டு, அதில் பீப்பாயில் குறைந்தது ஒன்று. நீலம் கிரான் ரெசர்வா: ஐந்து ஆண்டு, பீப்பாயில் இரண்டு, பாட்டிலில் இரண்டு. பச்சை முத்திரைக்கு இந்தக் காலக்கெடு இல்லை. இளம் ஒயினும் இருக்கும், புதுப்பாணித் தயாரிப்பாளர்களின் மிக நல்ல ஒயினும் இருக்கும். முதிர்ந்த ஒயினின் தோல், புகையிலை, உலர்பழ வாசனையைக் குறைந்த செலவில் அறிய வேண்டுமானால் லா ரியோஹா ஆல்டா, முகா போன்றவர்களின் ரெசர்வா ஒன்றை வாங்குங்கள்.

அர்ஜென்டினா, சிலி. மெந்தோசா மால்பெக் கனமாகவும் மிருதுவாகவும் இருப்பதால் புதியவர்களுக்குச் சீக்கிரம் பிடிக்கும். 'மெந்தோசா' என்று மட்டும் போட்டதைவிட லூஹான் தெ கூயோ, ஊக்கோ பள்ளத்தாக்கு என்று உள்ளூர்ப் பெயர் போட்டதை எடுங்கள். சிலியில் கேபர்னேக்கு மைப்போ. கார்மெனேர் திராட்சை அங்கே மெர்லோ என்றே எண்ணப்பட்டு, 1994இல்தான் அடையாளம் காணப்பட்டது. தாமதமாகப் பழுக்கும் என்பதால் மலிவான பாட்டிலில் பச்சைக் குடைமிளகாய் வாசனை தூக்கலாக இருக்கும்.

ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, கலிபோர்னியா. பரோசாவில் ஷிராஸ், கூனவாராவிலும் மார்கரெட் ரிவரிலும் கேபர்னே. தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ், ஸ்வார்ட்லாண்ட். அங்கே பினோட்டாஜ் என்ற திராட்சையின் ஒயின் வாங்குவதானால் பெயர்பெற்ற தயாரிப்பாளரிடம் மட்டும். கவனமின்றிச் செய்தால் கருகிய ரப்பர் வாசனை வரும். கலிபோர்னியாவில் நாப்பாவின் நல்ல கேபர்னே உண்மையிலேயே நல்லது, விலைதான் தடை.

நாசிக், நந்தி மலை. இந்தியாவில் திராட்சை அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து கொடியைக் கட்டுப்படுத்துகிறார்கள். நாசிக்கில் சுலாவின் ராசா ஷிராஸ், நந்தி மலையில் குரோவரின் லா ரெசர்வ், சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃபிராத்தெல்லியின் செத்தே ஆகியவை நம்பி வாங்கத்தக்கவை. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனாலும் அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற சாப்பிடும் ரகம்; இங்கே நாம் பேசும் துவர்ப்பும் கனமும் உள்ள ஒயின் அதிலிருந்து வராது.

## 5. எந்தச் சொல்லுக்குச் சட்டம் துணை நிற்கிறது?

லேபிளில் உள்ள சொற்களை இரண்டாகப் பிரியுங்கள். ரியோஹாவின் கிரியான்சா, ரெசர்வா, கியாந்தி கிளாசிகோவின் ரிசர்வா ஆகியவற்றுக்குச் சட்டம் காலக்கெடு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 'ரிசர்வ்' என்று போட அப்படி எந்தக் கூட்டாட்சி விதியும் இல்லை. சிலியின் ரெசர்வாவுக்கும் ரியோஹாவின் கண்டிப்பு கிடையாது. பிரான்சின் 'வியேய் வீஞ்', அதாவது முதிர்ந்த கொடி என்பதற்குச் சட்டப்படி வயது வரம்பே இல்லை. மாறாக, தென்னாப்பிரிக்காவில் 35 ஆண்டு தாண்டிய தோட்டங்களுக்கு நடவு ஆண்டைப் போட்டு ஒரு முத்திரை தருகிறார்கள், அதை நம்பலாம்.

அதிகக் குழப்பம் தருவது 'கிராண்ட் குரு'. பர்கண்டியில் அது மிக உயர்ந்த தோட்டம். சேன்ட் எமிலியோனில் 'சேன்ட் எமிலியோன் கிராண்ட் குரு' என்பது வெறும் ஊர்ப்பெயர் விதி. நூற்றுக்கணக்கான சாதாரணப் பண்ணைகளும் போடுகின்றன. கூடவே 'கிளாஸே' என்ற சொல் இருந்தால்தான் அங்கே தரவரிசையில் உள்ள பண்ணை. 'கிராண்ட் வேன்' என்றால் பெரும்பாலும் அந்தப் பண்ணையின் முதன்மை ஒயின் என்ற அளவில்தான் பொருள்.

திராட்சைப் பெயர் போட்டிருந்தால் முழுவதும் அதுவே என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 85 சதவீதம், அமெரிக்காவில் பொதுவாக 75 சதவீதம் இருந்தால் போதும்.

இடப்பெயர் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது என்பது பொதுவிதி. 'தென்கிழக்கு ஆஸ்திரேலியா' என்பது பல மாநிலங்களை அடக்கிய பெருநிலம். எங்கிருந்து வேண்டுமானாலும் பழம் வாங்கிக் கலக்கலாம். 'பரோசா பள்ளத்தாக்கு' என்று போட்டவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

## 6. தயாரித்தவர் யார்?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: நல்ல தயாரிப்பாளரின் கீழ்ப்படி ஒயின், அக்கறையில்லாதவரின் மேல்படி ஒயினைவிட மேல். நல்லவர் தமது தரத்துக்குக் குறைந்த பழத்தைக் கீழ்ப்படிப் பாட்டிலில் போடுவார். அதுவும் அவர் கையால் ஆனது. மற்றவருக்கு ஊரின் பெயரே விற்றுக் கொடுத்துவிடும்.

பிரெஞ்சு லேபிளின் அடியில் 'மீ ஆன் பூத்தேய் ஓ ஷாத்தோ' அல்லது 'ஓ தொமேன்' என்று இருந்தால் பண்ணையிலேயே பாட்டிலில் அடைத்தது. அங்கே வெறும் நிறுவனப் பெயரும் அஞ்சல் குறியீடும் இருந்தால் வணிகர் அடைத்தது. வணிகர் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். ரோனில் கிகால், பர்கண்டியில் லூயி ஜாதோ போன்றவர்கள் வணிகர்களும்தான். பெயரே கேள்விப்படாத, தேடினாலும் முகவரி கிடைக்காத, கடைத்தொடருக்காக உருவாக்கிய பகட்டான 'ஷாத்தோ' பெயர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

பின்லேபிளில் இறக்குமதியாளர் பெயரையும் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த மூன்று பாட்டில்களில் ஒரே இறக்குமதியாளர் பெயர் வந்தால், அவர் கொண்டுவரும் மற்றதையும் துணிந்து வாங்கலாம். உங்கள் ருசியோடு ஒத்துப்போகும் ஒருவர் உங்களுக்காக முன்பே சலித்து வைத்திருக்கிறார்.

## 7. அறுவடை ஆண்டு எங்கே முக்கியம்?

மழையும் உறைபனியும் அலைக்கழிக்கும் ஊர்களில் முக்கியம்: போர்தோ, பர்கண்டி, பியமோந்தே. போர்தோவில் 2016 சிறப்பு, 2013 பலவீனம். பியமோந்தேயிலும் டஸ்கனியிலும் 2016 சிறப்பு. 2014 மழை ஆண்டு. பர்கண்டியில் 2021இல் உறைபனி விளைச்சலை வெகுவாகக் குறைத்தது, ஒயினும் லேசானது.

பரோசா, தெற்கு ரோன், சிலி போன்ற வெயில் நிச்சயமான இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் குறைவு. அங்கே பட்டியலைப் பார்த்து நேரத்தைச் செலவிட வேண்டாம். எந்த ஊரானாலும் மலிவான ஒயின் என்றால், கிடைப்பதில் புதியதை எடுங்கள். அது காத்திருக்கச் செய்யப்பட்டதல்ல.

இன்னொன்று: சுமாரான ஆண்டில் நல்ல தயாரிப்பாளரின் ஒயின் விலை இறங்கும், சீக்கிரமும் குடிக்கலாம். இன்றிரவு திறப்பதற்கு அது 'நூற்றாண்டின் ஆண்டு' பாட்டிலைவிடப் பொருத்தமானது.

## 8. இப்போது விலை

பாட்டில், கார்க், பெட்டி, கப்பல் செலவு எல்லாம் மலிவான ஒயினுக்கும் விலை உயர்ந்ததற்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே மிகக் கீழ்ப்படியில் இருந்து ஒரு படி ஏறும்போது, கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி ஒயினுக்கே போகிறது. உச்சியில் அப்படி இல்லை. அங்கே கொடுப்பது பெயருக்கும் பற்றாக்குறைக்கும்.

இந்தியாவில் வாங்குபவர்களுக்குக் கணக்கு வேறு. இறக்குமதி ஒயினின் அடிப்படைச் சுங்கவரி நீண்டகாலம் 150 சதவீதமாக இருந்தது. ஆஸ்திரேலிய ஒயினில் குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்டவற்றுக்கு 2022 டிசம்பர் முதல் படிப்படியாகக் குறைகிறது. அதன்மேல் மாநில வரிகள். அதனால் மலிவான இறக்குமதிப் பாட்டில் என்பது வரியையும் கப்பல் கூலியையும் கழித்தால் மிகச் சாதாரண ஒயின். அதே பணத்துக்கு நாசிக் அல்லது நந்தி மலையின் மேல்படி ஒயின் கிடைக்கும், அதுவே நன்றாகவும் இருக்கும்.

## 9. பாட்டிலைக் கையில் எடுத்துச் சோதியுங்கள்

நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் எல்லாவற்றையும் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் ஒயினைக் கெடுப்பது சூடு. சூடேறினால் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். மூடிக்கு மேல் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். கார்க் புடைத்திருந்தாலோ, மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருந்தாலோ வைத்துவிடுங்கள். ஒயினின் மட்டம் கழுத்துக்குள் இருக்க வேண்டும். இளம் பாட்டிலில் தோள்வரை இறங்கியிருந்தால் கசிந்திருக்கிறது.

காட்சிக்காக விளக்கடியில் நிற்கும் பாட்டிலை வாங்காதீர்கள், உள்ளே படுக்க வைத்திருப்பதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் வழியாகத்தான் என்பதால், குளிரூட்டிய எலைட் கடையாகப் பார்த்துப் போங்கள். வாங்கியதைக் காரில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

கனமான கண்ணாடியும் அடியில் ஆழமான குழியும் தரத்தின் அடையாளம் அல்ல. திருகு மூடி மலிவின் அடையாளமும் அல்ல. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மிக நல்ல ஒயின்கள் அப்படித்தான் வருகின்றன.

## 10. திறந்தபின்

'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்ற அறிவுரை குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. சென்னை வீட்டில் 30 பாகையில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். கனமான ஒயினுக்கு 16 முதல் 18 பாகை, போஜொலே, பினோ நுவார் போன்றவற்றுக்கு 13, 14 பாகை. குளிர்சாதனப் பெட்டியில் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சிறிது ஊற்றி முதலில் முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரக் கோணி வாசனை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. காற்றாட விட்டாலும் போகாது, திருப்பிக் கொடுங்கள். வேகவைத்த பழம்போல் மணந்து வாயில் தட்டையாக இருந்தால் சூட்டில் கெட்டது. இவை ஊரின் குணமோ ஒயினின் குணமோ அல்ல. இதை வைத்து அந்த ஊரையே வெறுத்துவிடக் கூடாது. துவர்ப்பு மட்டும் கடுமையாக இருந்தால் அகன்ற ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள்.

தரத்தை அளக்க மூன்று கேள்விகள். துவர்ப்பு, புளிப்பு, ஆல்கஹால், பழம் ஆகியவற்றில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா? விழுங்கிய பின் ருசி பத்து வினாடிக்கு மேல் தங்குகிறதா? ஒரு மணி நேரம் கழித்துக் கோப்பையில் வேறு வாசனை எழுகிறதா? பிடித்திருக்கிறதா என்ற கேள்வியை இதோடு கலக்காதீர்கள். தரமான பரோலோ உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம்.

மீதியைச் சின்னப் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அடுத்த பாட்டில் வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: அதே தயாரிப்பாளரின் ஒரு படி மேலே, அல்லது அதே ஊரில் வேறு தயாரிப்பாளர், அல்லது அதே திராட்சை வேறு ஊரில். இரண்டை ஒருசேர மாற்றினால், ருசி மாறியது ஊரால் வந்ததா ஆளால் வந்ததா என்று சொல்ல வழியிருக்காது.